வழியின் மைந்தர்

அரபு மொழியில் வழிப்போக்கனைச் சுட்டுதற்கு ஓர் அழகிய சொல்லாட்சி உண்டு: 'இப்னுஸ் ஸபீல்'. 'வழியின் மைந்தன்' என்பது அதன் நேர்ப்பொருள். பெற்றோரும் உற்றாரும் உடைமையும் ஊரில் இருக்க, தான் மட்டும் வழியில் இருப்பவனுக்கு அந்த வழியே தாயும் தந்தையும் ஆகிறது என்று நாம் மாணவர்க்கு விளக்கம் கூறுவதுண்டு. திருமறையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஜகாத் பெறத் தகுதியுடையோராக எண்ணப்படும் எட்டு வகையினருள் இறுதியில் இடம் பெறுபவர் இவரே. ஊரில் செல்வராயினும் வழியில் இடருற்று நிற்கும்போது அவர் உதவிக்கு உரியவர் என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. பல்லாண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வரும் நாம், அதன் பொருளை முழுமையாக உணர்ந்தது சென்ற தை மாதத்து இரவொன்றில், கோவில்பட்டிக்கு வெளியே நான்குவழிச் சாலையின் ஓரத்தில் நின்றபோதுதான்.

அந்த இரவைச் சொல்லுமுன் இந்நிலத்தைச் சிறிது சொல்ல வேண்டும். கரிசல், வழிப்போக்கனுக்கு எளிதில் இடங்கொடாத மண். ஐப்பசி கார்த்திகை மழையில் குழைந்து, வண்டிச் சக்கரத்தை அச்சுவரை விழுங்கும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நீருண்டு வீங்கியும் காய்ந்து சுருங்கியும் ஓயாது அசையும் இம்மண்ணின்மீது இட்ட சாலை நெடுநாள் சமனாய் இருப்பதில்லை. ஆகவேதான் இவ்வட்டாரத்தில் சாலை அமைப்பது பெரும் புண்ணியமாகக் கருதப்பட்டது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரால் வழங்கும் சாலை மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை சென்றது. சாலையை மட்டுமா அமைத்தார்? சத்திரமும் நிழல்தரு மரமும் கிணறும் உடன் அமைந்தன. தலைச்சுமையோடு வருவோர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஆளுயரத்தில் நாட்டப்பட்ட சுமைதாங்கிக் கற்களை இன்றும் சிற்றூர்ப் பாதைகளில் காணலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நடுவது இப்பக்கத்து வழக்கம். இறக்கி வைக்கப்படாத சுமையோடு சென்றவளுக்காக, ஊரார் சுமையை இறக்க ஒரு கல்!

இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் நமக்கு ஸுபைதா அம்மையாரின் நினைவு வரும. கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியாரான அவர், கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் ஹஜ் பாதை நெடுகிலும் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமையப் பொருளை வாரி வழங்கினார். 831ஆம் ஆண்டில் அவர் மறைந்து பன்னிரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன; அப்பாதை இன்றும் 'தர்பு ஸுபைதா' என்றே அழைக்கப்படுகிறது. அரபுப் பாலையில் ஒருவர், கரிசற் பாலையில் ஒருவர். ஒருவரையொருவர் அறியாத இவ்விரு பெண்மணிகளும் சாலை என்பதன் இலக்கணத்தை ஒரே விதமாக அறிந்திருந்தனர். நடப்பவன் எவ்வளவு விரைவில் கடந்து போவான் என்று அவர்கள் கணக்கிடவில்லை. அவன் எங்கே நிற்பான், நின்றால் அவனுக்கு என்ன வேண்டும் என்று சிந்தித்தனர்.

1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. பஞ்சாலைகளும் தீப்பெட்டித் தொழிலும் வளர்ந்தன, கோவில்பட்டி நகரமாயிற்று. கடலைமிட்டாயின் பெயரும் பரவி, 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நமது இளமையில் நெடுஞ்சாலைப் பேருந்துகள் ஊருக்குள் வந்தே சென்றன. சாலை குறுகலானது, நெரிசலானது, புகை மிகுந்தது. ஆயினும் எந்நேரத்தில் வந்து இறங்கினாலும் அங்கே ஒரு தேநீர்க் கடையும் நாலு மனித முகங்களும் இருக்கும். உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டையபுரத்துக்கு வரும் வெளியூர் அன்பர்களும் இங்கே இறங்கித்தான் வண்டி மாறுவார்கள்.

பின்னர் நான்குவழிச் சாலை வந்தது. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரிவரை ஏழாம் எண் சாலையாக இருந்தது, 2010இல் எண்கள் மாற்றப்பட்டபின் ஸ்ரீநகரிலிருந்து குமரிவரை செல்லும் நாற்பத்து நான்காம் எண் சாலையின் ஒரு பகுதியாயிற்று. அதன் நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. மாரடைப்புற்ற நம் அண்டைவீட்டார் ஒருவரைப் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சென்று உயிரோடு மீட்டு வந்தது அச்சாலையால்தான். பழைய சாலையாயிருந்தால் கயத்தாற்றைக் கடக்குமுன்னரே காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஊரைத் தொடாமற் செல்வதற்கென்றே அமைக்கப்பட்ட சாலை அது. நகரின் நடுவே அண்ணா பேருந்து நிலையம் இருக்கிறது. நான்குவழிச் சாலையை ஒட்டிக் கூடுதல் பேருந்து நிலையமும் இருக்கிறது. இரண்டு நிலையங்கள் இருந்தும், இரவில் தொலைதூர வண்டிகள் பல எதனுள்ளும் நுழையாமல், சாலையோரத்தில் ஆட்களை இறக்கிவிட்டுப் பறந்துவிடுகின்றன.

நமக்கு நேர்ந்ததும் அதுவே. மதுரை மாட்டுத்தாவணியில் இஷாவுக்குப்பின் நாமும் நம் மகளும் ஒரு வண்டியில் ஏறினோம். அவள் மதுரையில் ஓர் அலுவலகத்தில் பணி செய்பவள். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஊருக்கு வருவாள். "ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல எறங்கிக்கிடணும்; சம்மதம்னா ஏறுங்க" என்றார் நடத்துநர். வேறு வண்டிக்குக் காத்திருக்க நேரமில்லை, ஏறினோம். பதினொன்றரை மணியளவில் எங்களை இறக்கிவிட்டார்கள். எங்களோடு ஒரு மூதாட்டியும் இறங்கினார், கையில் ஒரு பையும் தூக்குச்சட்டியுமாக. வண்டியின் பின்விளக்கு மறைந்ததும் இருள் சூழ்ந்தது. உயர்ந்த விளக்குக் கம்பம் இருந்தது, விளக்கு எரியவில்லை.

"பாய், இது எந்த எடம்யா? பஸ் ஸ்டாண்டைக் காணலியே" என்றார் அம்மூதாட்டி. மகளுக்குப் பிரசவமாகி அரசு மருத்துவமனையில் இருக்கிறாளாம். பேரப்பிள்ளையைக் காண வந்திருக்கிறார். நமக்கோ அவ்விடம் எதுவென்றே விளங்கவில்லை. பிறந்து வளர்ந்த ஊரின் வாசலில் திசை தெரியாமல் நின்றோம். ஊர்ப்பக்கம் செல்ல வேண்டுமாயின் நான்கு தடங்களையும் இடையிலுள்ள தடுப்பையும் கடந்தாக வேண்டும். பாரவண்டிகள் நூறு நூறாக இரைந்து சென்றன.

அப்போது நம் மகள் மூதாட்டியின் பையை வாங்கிக்கொண்டு, "இப்படி வாங்க பாட்டி, அங்கே தடுப்பில் ஒரு வழி இருக்கு" என்று இருளில் தயக்கமின்றி நடந்தாள். கைப்பேசியின் விளக்கை உயர்த்திப் பிடித்து வண்டிகளை நோக்கி அசைத்தாள். இடைவெளி வந்ததும் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கடந்தாள்.

"உனக்கு எப்படியம்மா தெரியும்?" என்று வினவினோம்.

"எப்பவும் இங்கேதானே அத்தா எறங்குவேன்" என்றாள்.

நாம் ஒன்றும் பேசவில்லை. இரண்டாண்டுகளாக அவள் வந்து போகிறாள். 'எத்தனை மணிக்கு வந்தாய்' என்று கேட்டிருக்கிறோம். 'எங்கே இறங்கினாய்' என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆட்டோவில் வீடு வந்து இறங்குவாள். பேருந்து நிலையத்திலிருந்து வருகிறாள் என்றே நம்பியிருந்தோம். சொன்னால் வேலையை விட்டுவிடச் சொல்வோம் என்று அஞ்சிச் சொல்லாதிருந்திருக்கிறாள். அந்த அச்சமும் நியாயமானதே, சொல்லியிருப்போம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஹாத்திம் தாயியின் மைந்தர் அதீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி நெஞ்சில் சுழன்றுகொண்டிருந்தது. ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நாம் பலமுறை பாடம் நடத்தியது. வறுமையைப் பற்றி ஒருவரும் வழிப்பறியைப் பற்றி மற்றொருவரும் வந்து முறையிட்ட வேளையில், நாயகம் (ஸல்) அவர்கள் அதீயை நோக்கி, அவர் நீண்டநாள் வாழ்ந்தால், ஹீரா நகரிலிருந்து ஒரு பெண் ஒட்டகச் சிவிகையில் புறப்பட்டு, அல்லாஹ்வையன்றி எவருக்கும் அஞ்சாது வந்து கஅபாவை வலம் வருவதைக் காண்பார் என்று அருளினார்கள். தம் தய்யி குலத்துக் கொள்ளையர் அப்போது எங்கே போயிருப்பார்கள் என்று அதீ மனத்துள் ஐயுற்றாராம். பின்னர் அக்காட்சியைத் தம் கண்ணாலேயே கண்டதாக அவரே சான்று பகர்கிறார். மஹ்ரமின்றிப் பெண்கள் பயணம் செய்வது பற்றி மார்க்க அறிஞரிடையே உள்ள விவாதத்தை நாம் அறியாமலில்லை. அந்த விவாதத்திலும் இந்நபிமொழி எடுத்தாளப்படுவதுண்டு. அதை வேறொரு சமயம் பேசலாம். இங்கே நாம் கருதுவது வேறு. வரப்போகும் நல்லாட்சிக்கு அடையாளமாக நாயகம் அவர்கள் மாட மாளிகையைக் காட்டவில்லை, சாலையின் அகலத்தைக் காட்டவில்லை. அச்சமின்றி வழிசெல்லும் ஒரு பெண்ணைக் காட்டினார்கள்.

இந்த நபிமொழியைக் கூறி முடித்ததும் மாணவர்களிடம், 'அமான்', 'ஈமான்', 'அமானத்' மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று சொற்பிறப்பு விளக்கம் கூறுவது நம் வழக்கம். நம் வீட்டுப் பெண் அச்சமின்றி வருகிறாளா என்று மட்டும் கேட்கவில்லை!

இந்நிலத்தில் வாகனங்கள் ஒருபோதும் தவறாமல் வந்த காலம் ஒன்றும் நமக்கு நினைவிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில், ஸுபுஹு பாங்குக்கும் முன்னதாகத் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பேருந்துகள் சிற்றூர்களுக்குள் வந்து ஒலியெழுப்பும். நம் வயதொத்த சிறுவர் சிறுமியர் தூக்கக் கலக்கத்தோடு, தூக்குச்சட்டியுடன் ஏறிச் செல்வர். சேறானாலும் இருளானாலும் அவ்வண்டிகள் நின்றதில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடை செய்தது. குழந்தையை வேலைக்கு அள்ளிச் செல்ல வீட்டு வாசல்வரை வண்டி வர முடிந்த ஊரில், வேலை முடிந்து வரும் பெண்ணை வெளிச்சத்தில் இறக்கிவிட முடியவில்லை என்றால் நம்பும்படியாக இல்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். பகலில் அதனால் விளைந்த நன்மை பெரிது. பின்னிரவில் அந்த நகரப் பேருந்து ஏது?

அச்சம் பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. தமிழகத்தில் மட்டும் 17,884 பேர். நாட்டின் சாலை நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களுள் ஐவரில் ஒருவர் அளவுக்கு நடந்து சென்றவர்கள். அன்றிரவு தூக்குச்சட்டியோடு நின்ற மூதாட்டி அக்கணக்கில் ஓர் எண்ணாகியிருக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வழியைப் பற்றிச் சச்சரவு எழுந்தால் அதன் அகலத்தை ஏழு முழமாக அமைத்துக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். இன்றைய சாலை அதைப்போல் பன்மடங்கு அகலமானது. பாதையோரத்தில் அமர்வதைத் தவிர்க்குமாறு அவர்கள் கூறியபோது, தோழர்கள் வேறிடமில்லை என முறையிட, அவ்வாறாயின் வழிக்குரிய உரிமையை அதற்குக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள்: பார்வையைத் தாழ்த்துதல், இடர் செய்யாதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறல், நன்மையை ஏவித் தீமையை விலக்கல். வழிக்கு உரிமை உண்டு என்பதே எவ்வளவு பெரிய சிந்தனை! ஈமானின் எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளுள் கடைசியானது வழியில் கிடக்கும் இடரை அகற்றுவது என்பதை நம் மதரஸாவின் சிறு பிள்ளையும் ஒப்பிக்கும். முள்ளையும் கல்லையும் எடுத்தெறிவதுதான் அது என்று நாமும் எண்ணியிருந்தோம். எரியாத விளக்கும் இடர்தானே?

ஜமாஅத்தாரிடம் இதை எடுத்துச் சொன்னபோது ஒருவர், "ஹஜ்ரத், இது நம்ம மஹல்லாப் பிரச்சினை இல்லையே" என்றார். இப்னுஸ் ஸபீலுக்கு மஹல்லா ஏது என்று கேட்டோம். பிறகு தெருவிலுள்ள பிற சமயத்தாரும் கையொப்பமிட, இரவு வண்டிகள் நிலையத்துள் வந்து செல்ல வேண்டும், விளக்குகள் எரிய வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதி உரிய இடத்தில் கொடுத்தோம். ஒரு மாதத்தில் விளக்கு எரிந்தது. மூன்று வாரம் எரிந்தது. மீண்டும் எழுதியிருக்கிறோம்.

இப்பொழுது மகள் வரும் சனிக்கிழமை இரவுகளில் நாமே அங்குச் சென்று நிற்கிறோம். அவளுக்கு அதில் விருப்பமில்லை, "இத்தனை நாள் வரலையா அத்தா?" என்கிறாள். அங்கு ஓர் ஆட்டோக்காரத் தம்பி பழக்கமாயிருக்கிறார். தொலைவில் பேருந்து வேகம் குறைவதைக் கண்டதும், இறங்குவோர் கால்வைக்கும் இடத்தில் முன்விளக்கின் ஒளி விழும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துவார். அவர் ஆட்டோவில் ஏறாதவர்கள் சாலையைக் கடந்து போகும்வரையிலும் விளக்கை அணைப்பதில்லை.

எத்தனை மணிவரை இங்கிருப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டோம்.

"கடைசி வண்டி போற வரைக்கும் பாய்."

"கடைசி வண்டி எத்தனை மணிக்கு?"

"அதுக்கு மணி உண்டா பாய்? எறக்கிவிட்டுப் போறவன் சொல்லிட்டா போறான்?" என்று சிரித்துவிட்டு, வடக்கே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துச் சாவியைத் திருகினார்.