கதைப்பின்னலும் கைப்பிரதியும்

நடந்தவற்றைக் கால வரிசையில் சொல்வது கதை, அவற்றைக் காரண காரியத்தால் பிணைப்பது கதைப்பின்னல் என்று ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வகுத்த வேறுபாடு நாவல் எழுதுவோர் பலரும் அறிந்ததே. எனினும் எழுத உட்காரும்போது பெரிதும் தொல்லை தருவது காரணம் அன்று, எந்தச் செய்தியை வாசகர் எந்த இடத்தில் அறிய வேண்டும் என்னும் முடிவே. தஞ்சை வட்டாரக் குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினையைச் சொல்லும் நாவலில், தந்தை நிலத்தை முன்பே அடமானம் வைத்துவிட்டார் என்பது 20ஆம் அத்தியாயத்தில் வெளிப்பட்டால் வாசகர் ஒருமுறை திடுக்கிடுவார். அதுவே 3ஆம் அத்தியாயத்தில் தெரிந்துவிட்டால், அடமானத்தில் இருக்கும் நிலத்தின் வரப்புக்காக அண்ணனும் தம்பியும் போடும் ஒவ்வொரு சண்டையும் அவரை உறுத்திக்கொண்டே இருக்கும். இரண்டாவது வழி எழுதக் கடினமானது என்றாலும், நாவல் என்னும் நெடிய வடிவத்துக்கு அதுவே பொருந்துகிறது.

திடுக்கிடலின் மீதுள்ள பற்றுக்குத் தமிழில் வார இதழ்த் தொடர்கதை மரபு ஒரு முக்கியக் காரணம். ‘பொன்னியின் செல்வன்’ ஐம்பதுகளில் ‘கல்கி’ இதழில் தொடராக வந்தபோது, அடுத்த இதழ் வரை வாசகரைக் காத்திருக்க வைக்கும் அத்தியாய முடிவு தேவையாக இருந்தது. அதை எழுதிய கல்கிக்கு அது கைவந்த கலையாகவும் இருந்தது (பின்பற்றியோர் எல்லாருக்கும் அப்படி வாய்த்துவிடவில்லை). நேரடியாக நூலாகும் நாவலிலோ காத்திருப்பு என்பதே இல்லை; பக்கத்தைப் புரட்டினால் விடை கிடைத்துவிடுவதால், ஒவ்வோர் அத்தியாயமும் முடிச்சில் முடிவது விரைவில் சலிப்பாகிவிடுகிறது.

எந்தச் செய்தி எங்கே வெளிப்படுகிறது என்பதைச் சரிபார்க்க, முதல் வரைவு முடிந்ததும் கால அட்டவணை ஒன்று தயாரிப்பது நல்லது; அதாவது, ஒவ்வோர் அத்தியாயத்தின் ஆண்டு, மாதம், மாந்தரின் வயது, அப்போது யாருக்கு எது தெரியும் என்பவற்றை எழுதிய தாள். காவிரி டெல்டாவில் குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியையும் சம்பா அறுவடை தையையும் ஒட்டி வருபவை என்பதால், குறுவை நெல் விற்ற பணத்தில் பொங்கலுக்கு மறுநாளே கடனை அடைக்கும் பாத்திரம், இடையில் மூன்று மாதம் அந்தப் பணத்தை என்ன செய்தான் என்ற கேள்விக்கு ஆளாகிறான். அக்கேள்விக்கு விடை தேடும்போது சில வேளை புதிய அத்தியாயமே கிடைத்துவிடுவதுண்டு.

பதிப்பகத்துக்கு அனுப்பும் கதைச்சுருக்கம் இரண்டு பக்கத்துக்குள் முடிவு உட்பட முழுக்கதையையும் சொல்ல வேண்டும். முடிவை மறைப்பது பின்னட்டைக் குறிப்பின் வேலை. சுருக்கத்தின் வாக்கியங்களை ‘அதனால்’ என்பது இணைக்காமல் ‘பிறகு’ என்பதே இணைத்துக்கொண்டு போனால் திருத்த வேண்டியது சுருக்கம் அன்று, நாவல். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிரதியை யூனிகோடுக்கு மாற்றிய பின் ஒருமுறை முழுமையாகப் படிப்பது தவிர்க்க முடியாதது. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ வந்த இடமும் ‘ஔ’ என்பது ‘ஒள’ என்று இரண்டாய்ப் பிரிந்து நிற்கும் இடமும் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. சொல் எண்ணிக்கையையும் குறிப்பிட வேண்டும். அதிலிருந்து பக்கங்களைக் கணித்து, 16 பக்கம் கொண்ட ‘ஃபாரம்’ கணக்கில்தான் பதிப்பாளர் செலவை மதிப்பிடுகிறார்.

தமிழில் இலக்கிய முகவர்கள் அரிது. எழுத்தாளரே நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி நடப்பதால் அதற்கு முந்தைய மாதங்களில் பதிப்பகங்கள் பக்க வடிவமைப்பிலும் மெய்ப்பிலும் மூழ்கியிருக்கும்; அப்போது போய்ச் சேரும் பிரதி மேசையிலேயே கிடக்கும். காட்சி முடிந்து கணக்கு வழக்குகள் தீர்ந்த பின், மார்ச், ஏப்ரலில் அனுப்பினால் படிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. ஏற்கப்பட்டால், அச்சு நூல் உரிமையோடு மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளும் ஒரே வரியில் எழுதி வாங்கப்படுகின்றனவா என்று ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.