அம்மம்மாவின் இறைச்சி உருண்டைகள்

2022 நவம்பரில் ஒரு மாத விடுமுறையில் சுவீடனில் வாழும் என் அக்காவின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். யோத்தபொரி என்று அந்நாட்டவரும் கோத்தன்பர்க் என்று மற்றையோரும் அழைக்கும் துறைமுக நகரம் அது. பிற்பகல் நான்கு மணிக்கே இருள் கவிந்துவிடும். வெளியே செல்ல மனம் வராத அந்த நாட்களில் பெரும்பாலும் அக்காவின் குசினியில்தான் அமர்ந்திருந்தேன். முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பத்திரிகை அலுவலக மேசையில் இருந்து பழகியவனுக்கு, பிறர் வேலை செய்ய அருகில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பது இயல்பாகவே கைவந்த கலை.

ஒரு மாலை பாடசாலையிலிருந்து வந்த ஒன்பது வயதுப் பேத்தி, புத்தகப் பையைக் கழற்றாமலே கேட்டாள்.

"அம்மம்மா, எல்லாற்ர மொர்மோரும் ஷெத்புல்லர் செய்யினம். நீங்கள் மட்டும் ஏன் செய்யிறேல்லை?"

இந்த 'மொர்மோர்' எனக்குப் பிடித்த சொல்லாகிவிட்டது. 'மோர்' என்றால் தாய்; மொர்மோர், தாயின் தாய். 'ஃபார்' தந்தை, ஃபார்மோர், தந்தையின் தாய். ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடும் இரண்டு பாட்டிகளையும், அம்மம்மா, அப்பம்மா என்று நம் யாழ்ப்பாணப் பேச்சு பிரித்து வைத்திருப்பதைப் போலவே சுவீடிஷ் மொழியும் பிரித்து வைத்திருக்கிறது. ஷெத்புல்லர் என்பது இறைச்சி உருண்டை. எழுத்தில் 'க'கர ஒலியோடு தொடங்கும். வாசிக்கும்போது 'ஷ' ஆகிவிடும். அரைத்த இறைச்சியைச் சிறு உருண்டைகளாகப் பிடித்து, வெண்ணெயில் பொரித்து, கிறீம் கலந்த மண்ணிறக் குழம்போடும் உருளைக்கிழங்கோடும் பரிமாறுவார்கள். உணவகப் பட்டியல்களில்கூட 'மொர்மோரின் ஷெத்புல்லர்' என்று அச்சிட்டு வைத்திருப்பார்கள். ஆகவே சிறுமியின் கேள்வி வெறும் பசியால் எழுந்ததன்று. தன் மொர்மோர் உண்மையான மொர்மோர்தானா என்பதே அவள் கேட்டது.

அக்கா பதில் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்த உருண்டைக்கான இறைச்சியைச் சுவீடனின் கடைகளில் 'கலப்பு' என்றே விற்கிறார்கள்: மாடும் பன்றியும் சேர்த்து அரைத்தது.

நாங்கள் வளர்ந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி. மற்ற நாட்களில் மீன், எப்போதாவது ஆட்டிறைச்சி. பட்டிப் பொங்கலன்று மாட்டுக்கு மாலை போட்டுப் பொங்கல் ஊட்டிய கையால் மாட்டிறைச்சியைத் தொடுவது அம்மாவால் எண்ணிப்பார்க்கவும் முடியாத காரியம். 1989 இல் நாட்டை விட்டுப் போனபோது அக்கா தன்னோடு கொண்டுபோனவற்றுள் உடையாமல் எஞ்சியது அந்த ஒழுங்குதான். அவருடைய மகள், என் மருமகள், வெளியில் எல்லாம் உண்பாள். அது அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும் என்பது மகளுக்கும் தெரியும். கொழும்பில் இரவுப் பணி முடிந்து நான் எங்கெங்கே என்னென்ன உண்டேன் என்பதை நானும் அக்காவிடம் இன்றுவரை சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் பல விடயங்கள் இப்படித்தான் சுமுகமாக நடக்கின்றன.

அடுத்த நாள் அக்கா கோழி இறைச்சியில் உருண்டை செய்தார். இஞ்சி, உள்ளி, பெருஞ்சீரகம், பச்சை மிளகாய் எல்லாம் சேர்த்திருந்தார். பேத்தி ஆறு உருண்டைகள் உண்டாள். பிறகு, "கட்லட் நல்லா இருக்கு அம்மம்மா" என்றாள். குற்றம் சொல்லியிருந்தால்கூட அக்கா அவ்வளவு வருந்தியிருக்கமாட்டார்.

சனிக்கிழமை காலை, "தம்பி, ஒரு தாச்சி வாங்கவேணும். வாரும்" என்றார்.

ஐக்கியாவுக்குப் போனோம். தளபாடம் விற்கும் அந்தக் கடையின் உணவகத்தில் 1985 முதல் இறைச்சி உருண்டை விற்கிறார்கள். சுவீடனைப் பற்றி வேறொன்றும் அறியாத உலகமக்களும் இந்த உருண்டையை அறிந்தது அந்தக் கடையால்தான். கொரோனா முடக்கத்தின்போது, 2020 ஏப்ரலில், வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று செய்முறையையும் வெளியிட்டார்கள். 500 கிராம் மாட்டிறைச்சிக்கு 250 கிராம் பன்றியிறைச்சி என்பது அவர்கள் கணக்கு. உறையவைத்த உருண்டைகள் பொதிகளில் அடுக்கியிருந்த பெட்டியருகே நின்று மருமகள், "அம்மா, இதிலை ஒண்டை வாங்கிச் சூடாக்கிக் குடுத்தால் போச்சுது" என்றாள்.

"கடையில வாங்கிக் குடுக்கிறதுக்கு மொர்மோர் எதுக்கு?" என்றார் அக்கா. தாச்சி ஒன்றும் மர அகப்பை ஒன்றும் வாங்கினோம். இரண்டும் இந்தச் சமையலுக்கு மட்டும் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது.

கற்பிக்க வந்தவர் மேல்மாடியில் தனியே வசிக்கும் மூதாட்டி. எண்பது வயது கடந்தவர். பாடசாலைச் சமையற்கூடமொன்றில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். சுவீடனில் கட்டாயக் கல்வி வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். ஆயிரக்கணக்கான உருண்டைகளை உருட்டிய கை அது. அவர் வருமுன் அக்கா குசினி மூலையில் இருந்த சுவாமித் தட்டின் சிறு திரையை இழுத்து மூடினார்.

மூதாட்டி எல்லாவற்றையும் டெசிலீற்றரில்தான் அளந்தார். அரை டெசிலீற்றர் பாண்தூளை ஒன்றரை டெசிலீற்றர் பாலில் ஊறவைத்துப் பத்து நிமிடம் தொடவிடவில்லை. பாண்தூள் பாலைக் குடித்து வீங்கவேண்டும், அவ்வாறு வீங்கியது இறைச்சியின் சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உருண்டை இறுகிப்போகாது. அவசரப்படுகிறவர்கள் செய்வது கல் என்றார். ஒரு வெங்காயத்தைப் பொடியாக அரிந்து வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி ஆறவிட்டார். 500 கிராம் இறைச்சி, ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி உப்பு, சிறிது வெள்ளை மிளகுத்தூள். பிறகு, கறுப்பு மிளகைவிடப் பருத்த ஒரு காயின் தூள் ஒரு சிட்டிகை. முகர்ந்து பார்த்தேன். கராம்பு, கறுவா, சாதிக்காய் மூன்றையும் ஒன்றாய் இடித்ததுபோல் மணத்தது. ஆங்கிலத்தில் ஆல்ஸ்பைஸ் எனப்படுவது அதுதான். அமெரிக்கக் கண்டத்து வெப்பநிலக் காய், பனிநாட்டு மொர்மோர்களின் கைமணமாகிவிட்டிருக்கிறது.

அக்கா மெல்லிய கையுறை அணிந்து பிசையத் தொடங்கினார். உருட்டும்போது கலவை கையுறையில் ஒட்டிக்கொண்டது; உருண்டைகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்தன. மூதாட்டி பேசாமல் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரை வைத்துத் தன் வெறுங்கையை நனைத்து உருட்டிக் காட்டினார். அக்கா சிறிது நேரம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். கொழுக்கட்டையும் மோதகமும் பிடித்த கை அல்லவா? அதன்பின் நெல்லிக்காய் அளவில், ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாமல், நனைத்த பலகையில் வரிசையாக வந்து விழுந்தன. முப்பத்துநான்கு உருண்டைகள். எண்ணியவள் பேத்தி.

எல்லாவற்றையும் பொரிக்குமுன் ஒன்றை மட்டும் பொரித்து உப்புப் பார்ப்பது அங்குள்ள வழக்கம். மூதாட்டி அந்த ஒன்றைக் கரண்டியில் எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா தலையசைத்து மறுத்தார்.

"நீங்கள் சமைப்பதை நீங்களே சுவைக்காமல் எப்படி?" என்று மூதாட்டி சுவீடிஷில் கேட்டதாக மருமகள் மொழிபெயர்த்தாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். கடைசியில், "அவள் பாக்கட்டும். அவளுக்குத்தானே" என்று கரண்டியைப் பேத்தியின் பக்கம் திருப்பினார். சிறுமி ஊதி ஊதி மென்றாள். மிகுந்த பொறுப்போடு யோசித்து, "உப்புக் காணாது" என்றாள். ஏற்கெனவே உருட்டிய முப்பத்துமூன்றையும் மறுபடி பிசைந்து உருட்டவேண்டியதாயிற்று. அக்கா முகம் சுளிக்கவில்லை.

இரண்டாம் முறை உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் நான் என் பத்திரிகை அறிவைக் காட்ட முற்பட்டேன். இது உண்மையில் துருக்கியிலிருந்து வந்த உணவு அல்லவா என்று கேட்டேன். 2018 ஏப்ரலில் சுவீடனின் உத்தியோகபூர்வ டுவிட்டர் கணக்கு, இந்த உருண்டை 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் பன்னிரண்டாம் கார்ல் துருக்கியிலிருந்து கொண்டுவந்த செய்முறை என்று அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை வெளியிட்டன. நானும் எங்கள் பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்துக்கு அதைச் சுவையாக எழுதிக் கொடுத்தேன். ஒரு செய்தி அழகாக இருக்கும்போது அதைச் சரிபார்க்க எங்கள் தொழிலில் யாருக்கும் கை வருவதில்லை.

அம்மன்னரின் கதை உண்மைதான். 1709 இல் பொல்தாவாவில் ரஷ்யாவிடம் தோற்று, ஒட்டோமன் பேரரசுக்குள் தஞ்சம் புகுந்தார். இன்றைய மொல்டோவாவிலுள்ள பெந்தேரில் சுல்தானின் விருந்தாளியாக வருடக்கணக்கில் தங்கினார். விருந்தாளி போகவேமாட்டார் என்று கண்டபோது, 1713 இல், அவரை வெளியேற்றச் சண்டையே நடந்தது. கூட்டம் என்று பொருள்படும் 'கலபலிக்' என்ற துருக்கியச் சொல், அந்தச் சண்டையின் பெயராகிச் சுவீடிஷ் மொழியில் அமளி என்ற பொருளில் இன்றும் வழங்குகிறது. 1714 இல் அவர் புறப்பட்டபின் கடன் கொடுத்தவர்களும் பணத்தைக் கேட்டுச் சுவீடன் வரை சென்றார்கள். கோவா இலையில் இறைச்சி பொதிந்து செய்யும் 'கோல்டோல்மர்' என்ற சுவீடிய உணவு, துருக்கியரின் டோல்மாவைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. உருண்டைக்கு மட்டும் அப்படியொரு சான்று கிடைக்கவில்லை. உணவு வரலாற்றாய்வாளர்கள் அந்த அறிவிப்பை ஐயுற்றார்கள். 1755 இல் வெளியான காய்சா வார்க் என்ற பெண்மணியின் சமையல் நூலில் இறைச்சி உருண்டை இருக்கிறது. மன்னரின் பெட்டியிலிருந்து அது அந்த நூலுக்கு வந்த வழியைத்தான் யாராலும் காட்ட முடியவில்லை. ஐயம் எழுந்த செய்தியை நான் எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன். அரைத்த இறைச்சியை உருட்டுவதற்கு ஒரு மன்னர் தேவையுமில்லை. கொழும்பில் பறங்கியரின் லம்பிரைஸ் பொதிக்குள்ளும் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பிரிக்கடெல் என்ற உருண்டை இருக்கிறதே!

மூதாட்டி என் கேள்வியைக் கேட்டுச் சிரித்து, தான் அதைத் தன் மொர்மோரிடம் கற்றதாகச் சொன்னார். துருக்கி பற்றி மொர்மோர் எதுவும் சொல்லவில்லையாம்.

தாச்சியில் வெண்ணெய் நுரைத்து, நுரை அடங்கியதும் உருண்டைகளை இட்டார்கள். நெருக்கி இட்டால் நீர்விட்டு அவிந்துவிடும். இடைவெளி விட்டால்தான் சிவக்கும். அகப்பையால் புரட்டாமல், தாச்சியின் கைபிடியைப் பற்றி ஆட்டி ஆட்டி உருளவிட்டார் மூதாட்டி. அக்காவுக்கு அது உடனே பிடிபட்டது. உருண்டைகளை எடுத்தபின் அடியில் ஒட்டிய மண்ணிறப் படிவை வீணாக்காமல், மேலும் சிறிது வெண்ணெயும் இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவும் இட்டு வறுத்தார்கள். மூன்று டெசிலீற்றர் இறைச்சிச் சாற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி, ஒன்றரை டெசிலீற்றர் கிறீம் சேர்த்தார்கள். கடைசியில் மூதாட்டி தான் கொண்டுவந்த போத்தலைத் திறந்தார். சோயா! 'சீனச் சோயா' என்றே ஒட்டுத்தாளில் அச்சிட்டிருக்கிறது. ஒரு தேக்கரண்டி விட்டதும் வெளிறிய குழம்பு மரப்பலகையின் நிறம் கொண்டது. அக்கா குனிந்து முகர்ந்தார். "அடிப்பிடிக்கப் போகுது, நெருப்பைக் குறையுங்கோ" என்றார். சுவைக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றிரவு மேசையில் அவித்த உருளைக்கிழங்கு, குழம்பு, உருண்டை, வினாகிரியும் சீனியும் இட்டு அழுத்திய வெள்ளரிக்காய், காட்டில் பறித்துச் சீனியோடு கலந்த லிங்கொன் பழம் எல்லாம் இருந்தன. செந்நிறமான அந்தச் சிறு பழத்தின் புளிப்பு, கிறீமின் கனதியை அறுத்துக்கொண்டு நாவில் இறங்கியது. இறைச்சியோடு இனிப்பா என்று முகம் சுளித்தவன் நான்; மூன்று தடவை கேட்டு வாங்கினேன். இனிமேலும் மறைக்க எதுவுமில்லை என்று தோன்றியது. அக்கா என் தட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இன்னும் நான்கு உருண்டைகளை வைத்தார். அவர் உருளைக்கிழங்கையும் லிங்கொனையும் மட்டும், சிறிது மிளகாய்த்தூள் தூவி, உண்டார்.

பேத்தி உண்டு முடித்து, "அம்மம்மா, இது ஷெத்புல்லர்தான்" என்றாள். பிறகு அக்காவின் தட்டைக் காட்டி, தனக்கும் கொஞ்சம் மிளகாய்த்தூள் வேண்டும் என்றாள்.

மறுநாட் காலை எழுந்தபோது சுவாமித் தட்டின் திரை விலகி, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புதுத் தாச்சியைக் குசினியில் காணவில்லை. எறிந்துவிட்டாரோ என எண்ணி, தேநீரோடு பல்கனிக்குப் போனேன். மூலையில் ஒரு பழைய பத்திரிகையால் பொதிந்து, மர அகப்பையோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தது. மேலே மெல்லிதாகப் பனி விழுந்திருந்தது.

"அதை எடுக்காதையும் தம்பி, அங்கேயே இருக்கட்டும்" என்று உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "அடுத்த சனிக்கும் வேணுமாம்."