பில்லில் ஏறாத வேலை

சென்னையில் பாடி மேம்பாலத்தைத் தாண்டி, லேத் பட்டறைகள் நெருக்கியடிக்கும் ஒரு தெருவில் இருக்கிறது அந்த ஷெட். தகரக் கூரையின் கீழ் நின்ற வண்டிகள் எல்லாமே டீசல் எஸ்யூவிகள். எல்லாமே இரண்டு மூன்று கை மாறியவை.

"பிக்கப்பே இல்லண்ணே. மேடு ஏறுனா கரும்புகை தள்ளுது" என்றார், திருவள்ளூர் பக்கம் டிராவல்ஸ் நடத்தும் இளைஞர். டர்போ போய்விட்டது, 40,000 ரூபாய் ஆகும் என்று வேறொரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். வண்டி வாங்கிய கடனில் இன்னும் நான்கு தவணைகூடக் கட்டி முடிக்காதவர்.

மெக்கானிக்குக்கு அறுபதை ஒட்டிய வயது. ஸ்கேனர் பக்கம் போகவில்லை. உதவிக்கு இருக்கும் பையனை ரேஸ் கொடுக்கச் சொல்லிக் கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டார். எஞ்சினை அணைத்ததும், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவினார். விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கிளாம்ப்பைத் தளர்த்தி ஹோஸை வளைத்துக் காட்டிய பிறகுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது: மடிப்புக்குள் ஒரு வெடிப்பு. வண்டி சும்மா நிற்கும்போது அது மூடிக்கொள்கிறது; டர்போ காற்றை அழுத்தினால் பிளக்கிறது. எஞ்சினுக்குப் போகவேண்டிய காற்று வழியிலேயே கசிந்துவிட, டீசல் முழுசாக எரியாமல் கரும்புகையாகிறது.

"டர்போ நல்லாத்தான் இருக்கு தம்பி. ஹோஸ் மட்டும் வாங்கிட்டு வா." 2,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இங்கே வருபவற்றில் 'டெல்லி வண்டி' நிறைய. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதனால் அங்கே விலை விழுந்த வண்டிகள் தடையில்லாச் சான்றோடு தெற்கே வந்தன. விலை கண்ணை இழுக்கும். ஆனால் நெரிசலிலேயே ஊர்ந்து ஓடிய எஞ்சினில், புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வும் மேனிஃபோல்டும் கரி அடைத்துக் கிடக்கும். பாதிநாள் உட்கார்ந்து சுரண்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார். எடுத்த எடுப்பில் புது வால்வு போடச் சொல்பவர்கள்மேல் அவருக்குக் கோபம் உண்டு.

நான் அதிக நேரம் நின்றது இன்ஜெக்டர் சோதனையில்தான். பல காமன் ரெயில் டீசல் எஞ்சின்களில் எரிபொருள் 1,600 பார் வரை அழுத்தத்தில் பாய்கிறது. கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல். அந்த அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குள் இம்மி தேய்ந்தாலும் டீசல் திரும்புகுழாயில் வழிந்துவிடும். நான்கு இன்ஜெக்டருக்கும் நான்கு ரப்பர் குழாய், நான்கு கண்ணாடிக் குப்பி. எஞ்சின் ஓட ஓட மூன்று குப்பிகளில் ஒரே மட்டம். மூன்றாவது சிலிண்டரின் குப்பி மட்டும் மளமளவென்று ஏறியது. புதிது ஒன்று 15,000 ரூபாயைத் தொடும் என்றார். நான்கையும் மாற்றச் சொல்லியிருந்தால் வண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார். இவர் மாற்றியது ஒன்றைத்தான். பையன் டார்ச் அடித்து, புது இன்ஜெக்டரின் தலையில் பொறித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து ஸ்கேனரில் ஏற்றினான். அந்தக் குறியீட்டை வைத்துத்தான் எஞ்சினின் கணினியான ஈசியு அதற்கான டீசல் அளவைத் திருத்திக்கொள்கிறது. அடியில் போடும் செம்பு வாஷரும் புதிது. பழைய வாஷரையே திருப்பிப் போட்டால் எரிந்த வாயு கசிந்து, இன்ஜெக்டர் கரியில் இறுகிப்போகும். பிறகு அதைப் பிடுங்குவதற்கே தனிச் செலவு.

லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், வீல் பேரிங் எல்லாம் நம் ரோட்டுக்குத் தேய்ந்தே தீரும், சில ஆயிரங்களில் முடியும். கிளட்ச் அப்படியல்ல. கியர்பாக்ஸை இறக்கும் கூலியே கணிசம் என்பதால், இறக்கிய கையோடு டூயல் மாஸ் ஃப்ளைவீலின் ஆட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததிலிருந்து, ஸ்பேர் கிடைக்குமா என்பதே அவர்களின் முதல் கேள்வி. ஃபில்டர், பிரேக் பேட் ஜி.பி. ரோட்டில் கிடைக்கிறது; சில பாகங்களுக்குப் புதுப்பேட்டையில் அலைய வேண்டியிருக்கிறது.

ஹோஸ் மாற்றிய பில்லை வாங்கிப் பார்த்தேன். ஹோஸ், கிளாம்ப், கூலி 500. வெடிப்பைக் கண்டுபிடித்ததற்கென்று அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. 38,000 ரூபாயை மிச்சப்படுத்திய வேலை அதுதான். பாகத்தின் விலைக்கு வாய் திறக்காத நாம் இந்த 500 ரூபாயில்தான் நூறு குறைக்கச் சொல்கிறோம். இது அநியாயம்.

பழைய வண்டி வாங்குமுன் அவரிடம் காட்டுகிறவர்களும் உண்டு. எஞ்சின் சூடாக வந்தால் பார்க்க மாட்டார். "ராத்திரி பூரா நிக்கட்டும். காலைல ஸ்டார்ட் பண்ணாம வைக்கச் சொல்லுங்க, நானே வர்றேன்." குளிர்ந்த எஞ்சின் முதல் திருப்பலில் விடும் புகையும், ஆயில் மூடியைத் திறந்தால் அடிக்கும் காற்றும் அவருக்குப் போதும். இதற்கு 1,500 ரூபாய் கேட்கிறார். ஆறு லட்சத்துக்கு வண்டி பேசி முடித்தவர் அந்த 1,500-ஐ ஆயிரமாக்கச் சொல்லி வாதாடியதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.