பேருக்கு ஏத்த வீடு

தமிழ்ல பறவைங்களுக்குப் பேர் வச்சவங்க ரசனையே தனிங்க. இலையைத் தைக்கிறது தையல்சிட்டு. கூட்டைத் தொங்க விடுறது தூக்கணாங்குருவி. மரத்தைக் கொத்துறது மரங்கொத்தி. தரையில முட்டை வச்சுட்டு, ஆளைப் பார்த்தா கத்தி ஊரைக் கூட்டுறது ஆட்காட்டி.

போன வருஷம் பக்கத்து மனையில நின்ன மொட்டைத் தென்னையை வெட்டிட்டாங்க. வீடு கட்டப் போறாங்க, தப்பு சொல்ல முடியாது. ஆனா அந்த மரம் முழுக்கப் பொந்து. மரங்கொத்தி குடைஞ்சு விட்டுட்டுப் போன பொந்துங்கள்ல மைனா, குண்டுக்கரிச்சான்னு ஒரு காலனியே இருந்துச்சு. வெட்டின மறுநாள் ஒரு ஜோடி மைனா மரம் இருந்த இடத்தையே சுத்திச் சுத்தி வந்துச்சு. அதைப் பார்த்தப்புறம் சும்மா இருக்க முடியலை. பழைய பலகை, ரம்பம், சுத்தியலோட மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

வெறும் பெட்டியா அடிச்சா போரடிக்குமே! பேருக்கு ஏத்த மாதிரி வீடு செய்யலாம்னு முடிவு. தையல்சிட்டுக்குத் தையல் மெஷின் வீடு, ஆட்காட்டிக்குக் காலிங் பெல் வச்ச வீடுன்னு என் பொண்ணு படமெல்லாம் போட்டுட்டா. அந்தப் பட்டியலைப் பார்க்கப் பார்க்க ஒண்ணு புரிஞ்சுது. தொழிலைப் பேரா வச்சிருக்கற பறவைக்கு நம்ம வீடு தேவையே இல்லை. ஒண்ணு தைச்சுக்கும், ஒண்ணு பின்னிக்கும், ஒண்ணு குடைஞ்சுக்கும். கொண்டலாத்தி, குண்டுக்கரிச்சான், சிட்டுக்குருவின்னு உருவத்தை வச்சுக் கூப்பிடுறோமே, இதுங்கதான் அடுத்தவன் குடைஞ்ச பொந்தையும் சுவர் ஓட்டையையும் நம்பிப் பொழைக்குதுங்க. மரம் போனா தெருவுக்கு வர்றது இதுங்கதான்.

அதனால மூணே வீடு. கொண்டலாத்தி வீட்டுக் கூரையில ஐஸ்க்ரீம் குச்சியால விசிறிக் கொண்டை, நுனியில கறுப்பு மை. குண்டுக்கரிச்சானுக்குத் தொப்பை மாதிரி ஒரு மண்பானை, பக்கவாட்டுல ஓட்டை. சிட்டுக்குருவிக்கு இருக்கறதுலயே குட்டி வீடு. வாசல் 32 மில்லிமீட்டர்தான், மைனா நுழைய முடியாது.

அலங்காரமெல்லாம் வெளியில மட்டும். உள்ளே பெயிண்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. வாசல்ல உட்காரக் குச்சி வைக்காதீங்க. குருவிக்கு அது தேவையில்லை, குஞ்சைத் தூக்க வர்ற காக்காய்க்குத்தான் வசதி. தண்ணி வடிய அடியில நாலு சின்ன ஓட்டை. சாயங்கால வெயில் அடிக்காத சுவரு, பத்தடி உயரம், பூனை ஏறாத இடம். அவ்ளோதான்.

இப்போ நிலவரம் என்னன்னா, கொண்டை வச்ச வீட்டுல மைனா குடித்தனம்! பேர்ப்பலகை படிக்கத் தெரியாத ஜென்மம். அந்தப் பழைய ஜோடிதான் இதுன்னு பொண்ணு சாதிக்கிறா. பானைக்கு இன்னும் ஆள் வரலை. குட்டி வீட்டுக்குள்ள வைக்கோல் போக ஆரம்பிச்சிருக்கு.

பக்கத்து மனைக்காரர் வந்து பார்த்துட்டு, தன் புது வீட்டுச் சுவர்லயும் ஒண்ணு மாட்டணும்னு கேட்டிருக்கார். உங்க ஊர்ல உருவத்தை வச்சுக் கூப்பிடுற பொந்துப் பறவை வேற எது இருக்கு? பேரை மட்டும் சொல்லுங்க, வீட்டை நான் அடிச்சுக்கறேன்.