நான்காமவர்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்தினோம். சோகை கண்ட பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை வழங்கிய சுகாதாரப் பணியாளருக்குத் துணையாக மாணவர்களுடன் நாங்களும் நடந்தோம். முற்பகல் பதினோரு மணி. பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த வீட்டில் ஒரு பெண்மணி ஏதோ சொல்லியபடியே மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். எங்கள் எதிரில் விழுங்கவில்லை. இன்னொருவர் பேரேட்டைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார். 'மலைமக்களிடம் விழிப்புணர்வு போதாது' என்று அறிக்கை எழுதினோம். தமிழ் படித்தவர்களுக்கு இத்தகைய வாக்கியங்கள் எளிதில் வந்துவிடும்.

அம்மலையில் நடந்த ஓர் ஆய்வைப் பின்னர் அறிந்தபோதுதான் அவ்வாக்கியம் உறுத்தத் தொடங்கியது. சோகைக்கு ஒரு காரணம் கொக்கிப்புழு. மண்ணில் வாழும் அதன் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து, குடலை அடைந்து, இரத்தம் உறிஞ்சும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் தரப்படுகிறது. பள்ளியும் அங்கன்வாடியும் இருப்பதால் அது எளிது. ஆனால் சாமைக் கொல்லையில் வெறுங்காலோடு நிற்கும் பெரியவர்களின் உடலிலும் புழு உண்டு. பிள்ளைக்கு மட்டும் மருந்து தந்தால் மண்வழியே அது மீண்டும் வரும்.

ஊர் முழுவதற்கும் மருந்து தந்தால் பரவலையே நிறுத்த இயலுமா என்று பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் 'டிவார்ம்3' ஆய்வு நடந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி நடத்திய இந்தியக் களம் திமிரியும் ஜவ்வாது மலையும். நாட்டுக்கு 40 தொகுதிகள். அவற்றில் பாதியில் ஆண்டுக்கு இருமுறை, மூன்றாண்டுகள், எல்லா வயதினருக்கும் மாத்திரை. அவ்வாய்வு புழுவை மட்டும் எண்ணவில்லை. நடத்துவோரிடம் ஆயத்தம் உண்டா, மக்கள் ஏன் ஏற்கிறார்கள் அல்லது மறுக்கிறார்கள் என்பவற்றையும் ஆராயத்தக்க பொருளாகக் கொண்டது. மறுப்பு அறியாமை அன்று, காரணமுடையது என்ற எண்ணமே எங்களுக்குப் புதிது.

மறுமுறை சென்றபோது அவ்வூரிலேயே பிறந்த பணியாளர் ஒருவருடன் அந்திக்குப் பின் நடந்தோம். எல்லா வீடுகளிலும் விளக்கு எரிந்தது. "சோறு தின்னியா அத்தை?" என்று கேட்டபடி அவர் திண்ணையில் அமர்ந்தார். முந்தானையில் முடிந்த அதே பெண்மணி மாத்திரையை விழுங்கிவிட்டு எங்களைப் பார்த்தார். "வெறும் வயித்துல தின்னா குமட்டுதுன்னு அன்னிக்கே சொன்னேனே சார். நீங்கதான் நிக்கல."

கதவைச் சாத்திய வீட்டின் காரணத்தைத் திரும்பும் வழியில் பணியாளர் சொன்னார். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டியவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் இம்மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. அதன்பின் வெளியூரார் பெயர் எழுதினால் அவ்வீட்டினருக்கு அச்சமாம்.

மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூவகையோடு, அருகிருந்து மருந்து கொடுப்பவரையும் சமமாக வைக்கிறார். வகுப்பில் பல ஆண்டுகள் அந்த நான்காமவரை உரை சொல்லிக் கடந்திருக்கிறோம். அன்றிரவுதான் அவரைத் திண்ணையில் கண்டோம்.

அடுத்த அறிக்கையில் 'நின்று கேட்கவில்லை' என்று எழுதினோம், எழுவாய் 'நாங்கள்'.