தண்ணீரில் ஒரு பெரட்டு

நம் பேராக் மாநிலத்துக்கு இயற்கை அன்னை தண்ணீரை வாரி வழங்கியிருக்கிறாள். ஈப்போவின் நடுவே கிந்தா ஆறு ஓடுகிறது. தம்பூனில் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியிலிருந்து வெந்நீர் ஊறுகிறது. சுங்கை கிளா ஊற்றில் முட்டையையே வேகவைத்துத் தின்னலாம். தாப்பா பக்கம் போனால் லாத்தா கிஞ்சாங் அருவி, நெடுஞ்சாலையில் போகிறவர்களைக் கை காட்டிக் கூப்பிடும். தைப்பிங்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மழைக்குப் பேர்போன ஊர்.

இத்தனை தண்ணீர் இருந்தும், நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

தோட்டத்தில் இருந்த காலத்தில் ஆறுதான் நமக்கு நீச்சல் குளம். ஆறு இல்லாத தோட்டத்தில் வாய்க்கால். துரைமார்களின் கிளப்பில் குளம் இருந்தாலும், லயத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது அதன் வேலி மட்டும்தான். பால்வெட்டு முடிந்து அம்மா வருவதற்குள் பிள்ளைகள் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா ஒன்றும் கேட்க மாட்டார். தலைமயிரைத் தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். பிறகு பிரம்பு பேசும்.

அந்த அடிக்குக் காரணம் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் பெரிய ஈய வயல்களில் ஒன்று. 1985ஆம் ஆண்டு உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் குட்டைகளாக நின்றுவிட்டது. மேலே பார்த்தால் கண்ணாடி போலிருக்கும். கரையிலிருந்து நாலு அடி வைத்தால் காலுக்குக் கீழே தரை இருக்காது, அடியில் குழைசேறு. அங்கே குளிக்கப் போன பிள்ளைகள் எல்லாரும் வீடு திரும்பவில்லை. அருவியும் அப்படித்தான். மலைமேல் மழை பெய்தால், கீழே வெயில் காயும்போதே கெப்பாலா ஆயர் அடித்துக்கொண்டு வந்துவிடும்.

இன்று காலம் மாறிவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. கித்தா மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. டிக்கெட் எடுத்தால் யாரும் குளத்தில் இறங்கலாம். லாருட் மலை அடிவாரத்தில், மலை ஓடைத் தண்ணீர் பாயும் தைப்பிங் கொரொனேஷன் குளத்தை அறியாதார் உண்டா? 2004இல் தம்பூனில் திறக்கப்பட்ட லாஸ்ட் வேர்ல்டுக்குப் பள்ளி விடுமுறையில் வேன் வேனாகக் கூட்டம் போகிறது.

போய் என்ன செய்கிறோம்? நீந்தத் தெரிந்த நாலு பேர் ஆழத்துக்குப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அரை மணியில் சலிப்புத் தட்டுகிறது. சலித்துப்போன பிள்ளைதான் அடுத்தவனைத் தள்ளிவிடும், தலையைப் பிடித்து அமுக்கும். கூட்டாக விளையாட ஓர் ஆட்டம் இருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். அதற்கு வெளியே தேடவேண்டாம். லயத்து வாசலில் ஆடிய ஆட்டங்களையே இடுப்பளவுத் தண்ணீருக்குக் கொண்டுவரலாம்.

பழைய ஆட்டம், புது இடம்

கண்ணாமூச்சியை எடுத்துக்கொள்வோம். மேல்நாட்டுப் பிள்ளைகள் இதைத் தண்ணீரில் ஆடுகிறார்கள். கண்ணை மூடியவன் "மார்க்கோ" என்று கத்துவான். மற்றவர்கள் "போலோ" என்று பதில் கொடுக்க வேண்டும். குரல் வந்த பக்கம் போய்த் தொட வேண்டும். சுமத்திராவிலும் பாண்டிய நாட்டுக் காயலிலும் இறங்கிப் போன வெனிஸ் நகரத்துப் பயணியின் பெயர் அது. நம் பிள்ளைகள் "பால்" என்று கத்தி, "வாளி" என்று பதில் சொல்லட்டுமே! ஆட்டம் குறையாது.

சடுகுடுவும் ஆகும். ஒரே ஒரு விதி: தொடலாம், பிடிக்கக் கூடாது. பிடித்தால் தலை தண்ணீருக்குள் போய்விடும்.

காசு போட்டு எடுக்கும் ஆட்டமோ நமக்குப் புதிதல்ல. சங்கப் புலவர் தொடித்தலை விழுத்தண்டினார், கையில் தடியும் பேச்சுக்கிடையே இருமலுமாகத் தளர்ந்த வயதில், தம் இளமையை நினைத்துப் பாடிய பாடல் புறநானூற்றில் 243ஆவதாக இருக்கிறது. மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்து, அடிமண்ணை அள்ளிவந்து காட்டிய விளையாட்டை அவர் மறக்கவில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் ஐந்தாறு காசுகளைப் போட்டு, அணிக்கு ஒருவராக எடுத்துவரச் சொன்னால் அதே ஆட்டம்தான்.

ஆனால் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு முங்கினால் உடம்பில் கரியமில வாயு குறைந்துவிடும். அதனால் மூச்சு முட்டும் உணர்வு வரத் தாமதமாகும். அதற்குள் பிராணவாயு தீர்ந்து நினைவு தப்பிவிடும். கையை ஆட்டிக் கூப்பிடக்கூட அவகாசம் இருக்காது.

பந்தாட்டம் பிடித்தவர்களுக்கு வாட்டர் போலோ இருக்கிறது. 1900 முதல் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஆடுகிறார்கள். பெண்களுக்கு 2000இல்தான் இடம் கிடைத்தது. அணிக்கு ஏழு பேர். தரையில் கால் ஊன்றக் கூடாது. நாம் கால் ஊன்றியே ஆடலாம். ஒரு விதியை மட்டும் நாமே சேர்த்துக்கொள்வோம்: அணியிலுள்ள எல்லார் கையிலும் பந்து பட்ட பிறகுதான் கோல் போடலாம். இந்த ஒரு விதியால், சுவரைப் பிடித்து நின்ற தங்கைக்கும் அணியில் வேலை வந்துவிடும்.

சிறிய வட்டக் குளமாக இருந்தால் இன்னோர் ஆட்டம் உண்டு. எல்லாரும் ஓரமாக ஒரே திசையில் வேகமாகச் சுற்றி நடக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரே சுழலத் தொடங்கி, காலைத் தூக்கினால் ஆளைக் கொண்டுபோகும். உடனே எல்லாரும் திரும்பி எதிர்த்திசையில் நடக்கப் பார்க்க வேண்டும். தாங்கள் கூடி உண்டாக்கிய வேகத்தோடு தாங்களே மல்லுக்கட்டும் வேடிக்கை அது! ஒருவர் இரண்டு பேரால் ஆகாது, கூட்டம் வேண்டும். தோற்றவரும் இல்லை.

எண்ணிக்கை

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி ஆள் எண்ணியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதையும் ஓர் ஆட்டமாக்கலாம். குளத்தில் இறங்குமுன் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஜோடிக்கு ஓர் எண் கொடுங்கள். நீந்தத் தெரிந்தவரோடு தெரியாதவர் சேரட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கரையிலிருக்கும் பெரியவர் "பெரட்டு!" என்று குரல் கொடுக்க வேண்டும். ஜோடிகள் கைகோத்து உயர்த்தி, வரிசையாக எண் சொல்ல வேண்டும். கடைசியாகக் கைகோத்த ஜோடிக்கு ஒரு பாட்டுப் பாடும் தண்டனை!

கரையிலிருப்பவர் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். உயிர்க்காப்பாளர் இருக்கிறார் என்று சும்மா இருக்கலாகாது. அவருக்கு நூறு தலை, நமக்குப் பத்துத் தலை.

வரும் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். விதிகளை அவர்களே பேசி வகுக்கட்டும். வகுத்தவர்கள் மீற மாட்டார்கள். வேனில் ஏறும்போது கடைசியாக ஒரு பெரட்டு எடுத்து, காலையில் சொன்ன அத்தனை எண்ணும் வருகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.