யானையைக் கட்டித் தீனி போட ரெடியா?

உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒருத்தன் இருப்பான். செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கைமாத்து வாங்குவான். ஆனால் எந்தக் காருக்கு எத்தனை குதிரைசக்தி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டக்கென்று சொல்வான். அந்த ஒருத்தனுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்களும் படிக்கலாம். எப்படியும் கார் நடுரோட்டில் நின்றால் இறங்கித் தள்ளப்போவது நீங்கள்தானே!

வடசென்னைக்கும் வேகத்துக்கும் பழைய பந்தம் உண்டு. செங்குன்றம் தாண்டிச் சோழவரத்தில் இருக்கிற பழைய விமான ஓடுதளத்தில்தான் ஒரு காலத்தில் மெட்ராஸின் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகு கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் ராத்திரியில் நடந்தபோது, ராயபுரம், திருவொற்றியூர் பையன்களுக்குப் பழைய ஜுரம் மறுபடி வந்தது. அடுத்த வாரமே எங்கள் டீக்கடையில் ஒரே பேச்சு: "மச்சி, செகண்ட் ஹேண்ட்ல டர்போ கார் ஒண்ணு வருது. பைக் விலைதான்!"

பைக் விலை என்பது பொய்யில்லை. அதுதான் பிரச்னையே.

2004 வாக்கில் இங்கே வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைசக்தி. அன்றைக்கு நம்ம ரோட்டில் அது ராஜா. 2006-ல் வந்த மிட்சுபிஷி செடியா, நம்ம பக்கத்துத் திருவள்ளூரில் தயாரானது. 2 லிட்டர், 115 குதிரைசக்தி, ராலி ஓட்டுகிறவர்களின் செல்லம். இன்றைக்கு இந்த மாதிரிக் கார்கள் நல்ல பைக் ஒன்றின் விலைக்குப் படியும். ஆனால் விலைதான் இளைத்திருக்கிறதே தவிர, யானை இளைக்கவில்லை. கிளட்ச், டர்போ, சஸ்பென்ஷன் எல்லாம் அந்தப் பழைய பெரிய விலைக்கு ஏற்ற ஐட்டங்கள். செடியாவுக்கு இன்னொரு தலைவலி: மிட்சுபிஷி இப்போது இந்தியாவில் புதுக் கார் விற்பதே இல்லை. உதிரி பாகம் தேடிப் புதுப்பேட்டை காயலாங்கடைகளில் ஏறி இறங்க வேண்டியதுதான்.

அண்ணனின் 14 மாதங்கள்

எங்கள் தெரு அண்ணன் ஒருவர், மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். சீட்டு எடுத்த பணத்தில் ஒரு டர்போ செடான் வாங்கினார். இரண்டே முக்கால் லட்சம். இவர் மூன்றாவது ஓனர். எந்தக் கம்பெனி கார் என்பது வேண்டாம், விடுங்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றிக்கொண்டு பொன்னேரி வரை போனார். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பின்சீட்டில் நாங்கள் மூன்று பேரும் போட்ட கூச்சல் இருக்கிறதே... அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் மாதம் இக்னிஷன் காயில் போனது. சிக்னலில் நின்றால் வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். ஐந்தாம் மாதம் கூலன்ட் ஒழுகல். எட்டாம் மாதம் கிளட்ச். அதே மாதம்தான் அவர் தங்கச்சிக்கு நர்சிங் கல்லூரியில் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. ஃபீஸுக்குத்தான் என்று அம்மா சொன்னார்கள், கிளட்சுக்குத்தான் என்று தெரு சொன்னது. அண்ணன் எதையும் மறுக்கவில்லை. 14 மாதத்தில் ரிப்பேருக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் எழுதிவைத்திருந்தார். நோட்டை என்னிடம் காட்டியபோதும் காரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அது நல்ல வண்டிடா. என் சம்பளத்துக்குத்தான் அது தெரியல" என்றார்.

ஏன் இப்படி?

டர்போ என்பது புகைபோக்கி வழியாக வெளியேறும் வாயுவால் சுற்றுகிற ஒரு சின்னச் சக்கரம். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதன் பேரிங் உயிர்வாழ்வதே எஞ்சின் ஆயிலை நம்பித்தான். மலிவான ஆயில் ஊற்றினாலோ, மாற்றாமல் இழுத்தடித்தாலோ முதலில் அடிவாங்குவது அதுதான். டைமிங் பெல்ட்டும் அப்படியே. பெரும்பாலான இந்த எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். ரப்பர் குழாய், புஷ், பிளாஸ்டிக் இணைப்பு எல்லாம் கிலோமீட்டர் ஓடாமலே வயசாகிற ஜாதி. "டாக்டர் ஓட்டின வண்டி, கம்மியாதான் ஓடியிருக்கு" என்று புரோக்கர் சொன்னால் மயங்காதீர்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் ஓனர் அனுபவித்தார். இரண்டாவது ஓனர், பெரிய செலவு வருவது தெரிந்து தள்ளிப்போட்டார். பில் வரப்போகிற நேரம் பார்த்து விற்றார். விலை குறைந்ததற்குக் காரணம் உங்கள் பேரத் திறமை இல்லை. யானையின் தீனி பாக்கியையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

நம்ம ஏரியா ஸ்பெஷல்

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் புதுக் கார்கள் வரிசையாகக் கப்பல் ஏறி வெளிநாடு போகின்றன. அதே துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் நம்ம ரோட்டைப் பொரியலாக்கிவிடுகின்றன. பள்ளத்தில் விழுந்தால் பட்டையான ஸ்போர்ட்ஸ் டயரில் காற்றுமெத்தை ரொம்பக் குறைவு. அடி நேராக அலாய் வீலுக்குப் போகும். காசிமேடு கடல்காற்றின் உப்பு அடித்தட்டைத் தின்னும். நிலக்கரித் தூசி ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே அடைக்கும்.

இதைவிட முக்கியம் வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் மறக்க முடியுமா? மிக்ஜாமின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்த தண்ணீரே வந்தது. தண்ணீரில் நின்ற கார்களும் சந்தைக்கு வரும், பளபளவென்று பாலிஷ் போட்டுக்கொண்டு. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கோடு தெரியும். சீட்டுக்குக் கீழே இருக்கிற தண்டவாளத்தில் துருவைத் தேடுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மூக்கு பொய் சொல்லாது.

கணக்கு போடலாமா?

விம்கோ நகரிலிருந்து கிண்டிக்குப் போக வர சுமார் 50 கிலோமீட்டர். நெரிசலில் இந்த யானை லிட்டருக்கு 8 கொடுத்தாலே பெரிது. ஆறு லிட்டருக்கு மேல் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 600 ரூபாய்க்கு மேல். 2021-ல் விம்கோ நகருக்கு வந்துவிட்ட மெட்ரோவில் போக 50, வர 50!

இன்ஷூரன்ஸ்? 2022-ல் அறிவித்த கட்டணப்படி, 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் வருஷத்துக்கு 7,897 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரை என்றால் 3,416 தான். ஆர்.சி.யின் ஆயுள் 15 வருஷம். அதற்குப் பிறகு வண்டி எஃப்.சி.யில் தேறினால்தான் புதுப்பித்துத் தருவார்கள். 12 வருஷ வண்டி வாங்கினால் மூன்றாவது வருஷமே அந்தப் பரீட்சை. வாங்கியதும் ஆர்.சி.யோடு இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுத்துவிடுங்கள். வண்டி மேல் பழைய லோன் பாக்கி இருக்கிறதா என்று ஆர்.சி.யில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் கண்ணுக்குள் அந்த சிவப்பு செடான்தான் நிற்கிறதா? சரி. அப்படியென்றால் மூன்று விஷயம். ஒன்று, சர்வீஸ் பில்கள் முழுசாக இல்லாத வண்டியைத் தொடாதீர்கள், பில்தான் அதன் ஜாதகம். இரண்டு, விற்கிறவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போய், லிஃப்டில் ஏற்றி அடிவயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று, காரின் விலையில் பாதியைத் தனியாக பேங்கில் போட்டுவிட்டுத்தான் சாவியை வாங்குங்கள். அந்தப் பாதி இல்லையென்றால் காருக்கான காசே உங்களிடம் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். ஏனென்றால் கிளட்ச் என்றைக்குப் போகும் என்று கிளட்சுக்குத் தெரியாது. தங்கச்சியின் ஃபீஸ் தேதி அதற்குச் சுத்தமாகத் தெரியாது.

யானை மேல் ஆசைப்படுவது தப்பே இல்லை பாஸ். முதலில் கரும்புத் தோட்டம், அப்புறம் யானை!